ஓ.டி.க்குப் பதில் ஒரு கூடை மாம்பழம்

1. திங்கட்கிழமைத் திட்டு

புத்தூர் சர்க்கிளில் உதவித் தொழிலாளர் அலுவலராக நான் சேர்ந்து ஐந்தாவது வாரம். ஒரு திங்கட்கிழமை காலை பதினேழு பெண்கள் ஆபீஸுக்கு வந்து என்னைத் திட்டினார்கள். முதலாளியைத் திட்டி மனுக் கொடுக்க வருகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். லேபர் ஆபீஸரைத் திட்டுவதற்கென்றே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

"நீங்கதான் சரோஜா மேடமா?" என்றாள் முன்னால் நின்றவள். நாற்பது வயது இருக்கும். இரண்டு கையும் மணிக்கட்டு வரை மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது.

"நான்தான். உட்காருங்க."

"குந்தறதுக்கு வரல மேடம். எங்க வயித்துல எதுக்கு அடிச்சீங்கன்னு கேட்டுக்கினு போவலாம்னு வந்தோம்."

அவள் பெயர் கன்னியம்மா. நாகலாபுரம் பக்கத்துக் கிராமம். மற்ற பதினாறு பேரும் அதே சுற்றுவட்டாரம். எல்லோரும் புத்தூர் ரோட்டில் இருந்த ஒரு ஜூஸ் ஃபேக்டரியில் மாம்பழம் அறுக்கிறவர்கள். நான் என்ன செய்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொன்னால்தான் அவர்கள் கோபத்தின் நியாயம் புரியும்.

தாராளமயம் என்ற சொல் பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் சித்தூர் ஜில்லாவுக்குத் தாராளமயம் மாங்கூழாக வந்து சேர்ந்தது. மண்டியோடு நின்றிருந்த மாம்பழ வியாபாரம், கூழாக டின்னில் அடைபட்டு வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் ஏற ஆரம்பித்தது. ரோட்டுக்கு ரோடு ஜூஸ் ஃபேக்டரி. மே மாதக் கடைசியில் கதவு திறந்தால் ஜூலை முடிகிற வரை மெஷின் நிற்காது. பழுத்த பழத்தைக் காக்க வைக்க முடியாது என்பதால் ஆட்களையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

என் சொந்த ஊர் சத்தியவேடு பக்கம், ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லை ஓரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, டிபார்ட்மெண்ட் டெஸ்ட்டில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி அலுவலர் ஆனேன். புது அதிகாரமும் புதுச் செருப்பு மாதிரிதான், போகிற இடமெல்லாம் சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு ஒரு சனிக்கிழமை மதியம் அந்த ஃபேக்டரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனேன்.

மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். எல்லோரும் காலை ஏழு மணிக்கு உள்ளே, மாலை நாலு மணிக்கு வெளியே. நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. வேலை எட்டு மணி. சீசன் தொடங்கியதிலிருந்து ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் கண்ணில் பட்டது வேறு. கேட் பக்கத்தில் கூடை கூடையாக மாம்பழம், ஒவ்வொன்றிலும் ஒரு டோக்கன் நம்பர்.

"இது என்னம்மா?" என்று அந்த வழியாகப் போன ஒரு பெண்ணைக் கேட்டேன்.

"ஓ.டி. கூடை மேடம். நாலு மணிக்கு மேல நின்னு அறுத்தா ஏழு மணிக்கு ஒரு கூடை குடுப்பாங்க."

எனக்கு உடம்பெல்லாம் சட்டம் ஏறிவிட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி கூலி என்பது பணம். பழமாகக் கொடுக்கக் கூடாது, புளியாகக் கொடுக்கக் கூடாது. மேனேஜரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். மேனேஜர் பிரபாகர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்‌ஷன் புத்தகத்தில், 'தொழிலாளருக்குக் கூலிக்குப் பதில் பொருள் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"தப்பகுண்டா, கண்டிப்பா மேடம், திங்கட்கிழமையிலிருந்து ஒரு பழம் வெளியே போகாது" என்றார் அவர். எவ்வளவு பணிவான மனிதர் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை கூடை நின்றது. ஆனால் ஏழு மணி வரை நிற்பது நிற்கவில்லை. கேட்ட பெண்களிடம், "லேபர் மேடம் எழுதிட்டுப் போயிட்டாங்க, நான் என்ன செய்யறது? நிக்க முடியாதவங்க நாளைக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். ஆறு நாள் சும்மா நின்று அறுத்துக் கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி, எட்டாம் நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

2. ரப்பர் பேண்டு போட்ட சீட்டு

அட்டெண்டர் முனிரத்னம் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் குடித்த பிறகு இன்னும் தெம்பாகத் திட்டினார்கள். நான் சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

"கூடை குடுக்கறது தப்பும்மா. அந்த நேரத்துக்கு ரெட்டைக் கூலி உண்டு. ஒரு மணி நின்னா ரெண்டு மணி கூலி குடுக்கணும்."

"யாரு குடுப்பா?" என்றாள் கன்னியம்மா. "நீங்க குடுப்பீங்களா? அவரு குடுத்துட்டாரா? நீங்க சொல்ற ரெட்டைக் கூலிய நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. கூடையத்தான் பாத்தேன். அத்தயும் நீங்க நிறுத்திட்டீங்க."

பிறகு இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதற்குள் நான்காக மடித்த ஒரு ஸ்டாம்ப் பேப்பர்.

"படிங்க மேடம். நெலம். முப்பது சென்ட்டு, ஏரிக் கால்வா ஓரம். எங்க மாமனாரு, அவுரு நைனா எல்லாம் அதுல கூலிக்கு எறங்கினவங்க. நெலத்துக்காரரு இப்ப பெங்களூருல புள்ளகிட்ட போய்ட்டாரு. கேக்கற வெலைய குடுத்தா எனக்கே எழுதித் தர்றேன்னு அட்வான்ஸு வாங்கிக்கினாரு. ஆடி போயி ஆவணி மொத வெள்ளிக்கெழம ரெஜிஸ்டர். அன்னிக்கு பாக்கிய வைக்கலன்னா அட்வான்ஸும் இல்ல, நெலமும் இல்ல. வேற ஆளு ரெடியா கீறான்."

"பாக்கிக்கு என்ன பண்றதா இருந்தீங்க?"

"கூடைதான். கூலிக் காசு துன்றதுக்குப் பூடும். கூடைய எங்க நாத்தனா காலைல மொத பஸ்ஸுல ஊத்துக்கோட்டைக்கு எடுத்துக்கினு போயி வித்துட்டு வருவா. அரை நாள் கூலி தேறும். அதுல ஒரு பைசா கைய வைக்காம சேத்தேன். இன்னும் ஒரு மாசக் கூடை இருந்தா முடிஞ்சிருக்கும் மேடம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அழுகை வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. மூன்று தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் குனிந்த குடும்பம் ஒரு துண்டு நிலத்துக்கு வந்து நிற்கும்போது, நான் ஒரு வரி எழுதி அதைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

திட்டு வாங்கிக்கொண்டே இருந்தால் ஆகாது, கிளெய்ம் போட இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றியது. ஓ.டி. பாக்கிக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டால், திருப்பதியில் அசிஸ்டெண்ட் கமிஷனர் ஆஃப் லேபர் விசாரிப்பார். ஏ.சி.எல். என்று சொல்வோம். அந்தச் சட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் என்ற முறையில் நானே அவர்கள் சார்பில் போடலாம். ஆனால் அத்தாட்சி வேண்டும். மஸ்டர் ரோல் நாலு மணி என்கிறது.

"ஏழு மணி வரைக்கும் வேலை செஞ்சதுக்கு ஏதாவது காகிதம் வச்சிருக்கீங்களா?"

"காயிதமா? கையப் பாருங்க மேடம், எப்டி கறுத்து கீதுன்னு" என்றாள் ஒருத்தி. கறுத்த கையில் நேரம் எழுதியிருக்கவில்லை.

கன்னியம்மா ஸ்டாம்ப் பேப்பரை மறுபடி கவருக்குள் வைக்கப் போனாள். கவருக்குள்ளிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் கட்டு மேஜையில் விழுந்தது. ரோஸ் கலர்ச் சீட்டுகள்.

"இது என்ன?"

"அதுவா? கேட்டுச் சீட்டு. கூடைய வெளிய எடுத்தாரணும்னா செக்யூரிட்டி இத்த எழுதிக் குடுப்பாரு. ஊத்துக்கோட்டைக்குப் போறப்ப சுருட்டப்பள்ளி செக்போஸ்ட்டுல பழம் ஏதுன்னு கேட்டா காட்டணும்ல? திருட்டுப் பழம்னு பேர் வந்துடக் கூடாது. அதான் பத்திரமா வச்சிக்கினேன். இனிமே எதுக்கு, அடுப்புக்குத்தான்."

ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தேன். வரிசை நம்பர், தேதி, டோக்கன் நம்பர், பெயர். கீழே 'ஓ.டி. – 1 கூடை'. அதற்கும் கீழே நேரம், 7.05. கையெழுத்து. அடுத்த சீட்டு 7.02. அதற்கடுத்தது 7.11. மொத்தம் முப்பத்தொரு சீட்டு இருந்தது.

முதலாளிக்கு ஆட்கள் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள் என்பது பற்றிக் கவலை இல்லை. ஆனால் பழம் திருட்டுப் போகக் கூடாது. அதனால் ஆள் கணக்கைப் பொய்யாகவும் பழக் கணக்கை மெய்யாகவும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த மெய்க் கணக்கில் ஆட்களின் நேரமும் சேர்ந்து பதிவாகியிருந்தது யாருக்கும் உறைக்கவில்லை, இந்தப் பெண்களுக்கும்தான்.

"அடுப்புக்கு வேற ஏதாவது பாருங்க கன்னியம்மா" என்றேன். "இதை என்கிட்ட குடுங்க."

மற்றவர்களைக் கேட்டேன். நாலைந்து பேரிடம் கொஞ்சம் சீட்டு இருந்தது. பழம் விற்றதும் மற்றவர்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள். இப்போது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் பஞ்ச் பண்ணும் நேரத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். நல்ல பழக்கம். நேரம் எழுதிய எந்தத் துண்டுச் சீட்டையும் எறியாதீர்கள்.

மனு எழுதியாயிற்று. கையெழுத்து என்றதும் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். தப்பான பயம் இல்லை. கன்னியம்மாதான் முதலில் பேனாவை வாங்கினாள்.

"எனக்கு எப்டியும் நெலம் போய்க்கினு கீது. வேலையும் போனா போவட்டும். எங்க போடணும்?"

அன்று பதினொரு பேர் போட்டார்கள். மீதி ஆறு பேர் இரண்டு நாள் கழித்து, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து போட்டார்கள்.

3. லேபர் ஆபீஸருக்கும் கேட் பாஸ்

எல்லோருடைய சீட்டும் வேண்டுமானால், கிழித்த சீட்டின் விவரம் தங்கியிருக்கும் அடிக்கட்டைப் புத்தகம் வேண்டும். அது செக்யூரிட்டியிடம் இருக்கும். மேனேஜர் காதுக்கு விஷயம் போனால் புத்தகம் பாய்லருக்குப் போகும். அதனால் மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே முதல் ஷிஃப்ட் ஆட்களோடு ஆட்களாக நானும் கேட்டுக்குப் போனேன்.

செக்யூரிட்டி ஒரு ரிட்டயர்டு ஹவில்தார். மீசையும் யூனிஃபார்மும் கஞ்சி போட்டது மாதிரி நிற்கும். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ஹவில்தார்தான்.

"வணக்கம் மேடம். மொதல்ல இதுல பேரு, நேரம் எழுதுங்க."

எழுதினேன். நான் ஆறு ஐம்பது என்று எழுதியதை அவர் தன் வாட்ச்சைப் பார்த்து ஆறு ஐம்பத்திரண்டு என்று திருத்தச் சொன்னார். இவர் எழுதிய நேரத்தை ஆண்டவனே வந்தாலும் அசைக்க முடியாது என்று எனக்கு அப்போதே நிம்மதி வந்தது.

"கூடைச் சீட்டு அடிக்கட்டைப் புத்தகம் எல்லாம் வேணும்."

"மேனேஜர் சார் ஒன்பது மணிக்கு வருவார் மேடம்."

"மேனேஜரைக் கேட்கத் தேவையில்லை. சட்டப்படி ரிக்கார்டை எடுத்துக்கற அதிகாரம் எனக்கு இருக்கு."

"எழுத்துல குடுங்க."

அங்கேயே நின்று, ஆபீஸ் சீல் வைத்து எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். உள்ளே போய் ஐந்து புத்தகங்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் திரும்பினேன்.

"மேடம், நில்லுங்க."

மனசு மாறிவிட்டாரோ என்று பயந்துவிட்டேன்.

"சீட்டு இல்லாம இந்த கேட்லேர்ந்து எதுவும் வெளிய போகக் கூடாது. முதலாளி ரூலு." உட்கார்ந்து, ரோஸ் கலர்ச் சீட்டு ஒன்றில் எழுதினார். 'புத்தகம் – 5. லேபர் ஆபீஸ்.' நேரம், 7.09. கிழித்துக் கொடுத்துவிட்டு சல்யூட் அடித்தார்.

பிற்பாடு அவர் வேலை போயிருக்கும் என்று நினைத்துக் கவலைப்பட்டேன். போகவில்லை. மேனேஜர் கத்தியபோது, "சீட்டுப் போட்டுத்தான் சார் அனுப்பினேன்" என்று சொன்னாராம். முதலாளி போட்ட ரூல் என்பதால் மேனேஜரால் அதற்கு மேல் எதுவும் கேட்க முடியவில்லை.

4. ஏ.சி.எல். கேட்ட கேள்விகள்

முதல் விசாரணைக்கு மேனேஜர் வரவில்லை. இரண்டாவது ஜூலைக் கடைசியில், திருப்பதி ஆபீஸில். எங்கள் ஏ.சி.எல். குரலை உயர்த்தாத மனிதர். மோர் குடித்துக்கொண்டே கேள்வி கேட்பார். எதிரில் இருப்பவருக்கு, தான் மாட்டிக்கொண்டது மோர் டம்ளர் காலியான பிறகுதான் தெரியும். விசாரணை தெலுங்கில் நடந்தது. தமிழில் சொல்கிறேன்.

மேனேஜர் பிரபாகர் மஸ்டர் ரோலை வைத்தார். "நாலு மணிக்கு எல்லாரும் போயிட்டாங்க சார். ஓ.டி.யே கிடையாது."

ஏ.சி.எல். அடிக்கட்டைப் புத்தகத்தைப் புரட்டினார். "இந்தக் கூடை எதுக்கு?"

"இனாம் சார். எங்க முதலாளிக்கு இளகின மனசு."

"சந்தோஷம். ஓ.டி.ன்னு ஏன் எழுதியிருக்கு?"

"செக்யூரிட்டி தப்பா எழுதிட்டார் சார்."

"ஐந்நூறு தடவைக்கு மேலயா?" ஒரு வாய் மோர் குடித்தார். "சரி, இனாம்தான். நாலு மணிக்கு நாகலாபுரத்துக்குப் போனவங்க, ஏழு மணிக்கு இனாம் வாங்கறதுக்குத் திரும்ப வந்தாங்களா?"

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இனாம் இல்ல சார். பழம் விலைக்குக் குடுத்தோம்."

"அப்படியா? பில் குடுங்க. சேல்ஸ் டாக்ஸ் கட்டின ரசீதும் குடுங்க."

கடைசியில் மேனேஜர், "ஓ.டி.க்குத்தான் சார் குடுத்தோம். அதான் குடுத்தாச்சே, கணக்கு தீர்ந்துபோச்சுல்ல?" என்றார்.

ஏ.சி.எல். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். ஓ.டி. வேலை நடந்ததாக நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது.

அடுத்து எத்தனை மணி நேரம் என்ற வழக்கு. ஒன்பது மணி நேர வேலைக்கு மேல்தான் ஓ.டி., அதனால் நாளுக்கு இரண்டு மணிதான் கணக்கு என்றார் மேனேஜர். இந்த இடத்தில் நான் எழுந்தேன். ஒரு நாளில் ஒன்பது மணிக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு மணிக்கு மேல், இரண்டில் எதைத் தாண்டினாலும் ஓ.டி. நாளுக்கு எட்டு மணி, வாரம் ஆறு நாள் என்றால் அதிலேயே நாற்பத்தெட்டு முடிந்துவிட்டது. பாக்கி மூன்று மணியும் ஓ.டி.தான். இளம் அலுவலர்களே, இதை மறந்துவிடாதீர்கள். நாளை மட்டும் எண்ணுகிறவர்கள் தொழிலாளியின் பையிலிருந்து தினமும் ஒரு மணி நேரத்தை எடுத்துவிடுவார்கள். ஏ.சி.எல். மூன்று மணி என்று எழுதினார்.

"அப்படின்னா பழத்தோட விலையைக் கழிச்சுக்கணும் சார்" என்றார் மேனேஜர், விடாமல்.

"சட்டத்துல பழத்துக்கு இடமில்லையே, என்ன செய்யறது? மேடம்கூட அதைத்தான் உங்க புத்தகத்துல எழுதிட்டு வந்திருக்காங்க."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி இரண்டு நிமிஷம்தான்.

கூடை நின்ற பிறகு சும்மா நின்ற ஆறு நாள் கணக்கு வந்தது. அந்த நாட்களுக்குக் கூடை இல்லை, அதனால் சீட்டும் இல்லை. மேனேஜருக்குத் தெம்பு திரும்பிவிட்டது. "அந்த வாரம் ஓ.டி.யே இல்ல சார். மேடம்தான் நிறுத்தச் சொன்னாங்களே."

பெண்கள் நின்றோம் என்று சொன்னார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. ஏ.சி.எல். என்னைப் பார்த்தார்.

"உங்க இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்ல வேலை நேரம் பத்தி ஏதாவது குறிச்சிருக்கீங்களா மேடம்? யார்கிட்டயாவது வாக்குமூலம் வாங்கினீங்களா?"

"இல்லை சார்."

அந்த இரண்டு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமை அந்தப் பெண், ஏழு மணி வரை நிற்கிறோம் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அதை எழுதி ஒரு கையெழுத்து வாங்கி, அந்த மூன்று மணிக்குப் பணமும் நேரக் கணக்கும் வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் போதும். நான் கூடையைப் பார்த்தேன், மணியைப் பார்க்கவில்லை. ஆறு நாள் ஓ.டி. நிரூபணம் ஆகவில்லை என்று ஏ.சி.எல். எழுதினார். மற்ற நாட்களுக்கெல்லாம் இரட்டைக் கூலியைப் பதினைந்து நாளுக்குள் கட்ட வேண்டும் என்று உத்தரவு.

5. அரை நாள் லீவு

அந்தப் பதினைந்து நாளும் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேனேஜர் அப்பீல் போனால் ஆவணி வெள்ளிக்கிழமை போய்விடும். தினமும் ஒரு தடவை திருப்பதிக்குப் போன் போட்டுக் கேட்பேன். அங்கிருந்த கிளார்க் என் குரலைக் கேட்டதும், "இன்னும் வரல மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஹலோ சொல்வார்.

பதினாலாம் நாள் பணம் வந்தது. மனசு இளகிக் கட்டவில்லை. கூழ் வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டி ஃபேக்டரி பார்க்க வருவதாக இருந்தது. லேபர் கேஸ் எதுவும் பாக்கி இல்லை என்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். காரணம் எதுவாக இருந்தால் என்ன, எனக்குச் சந்தோஷத்தில் அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

என் ஆபீஸில் வைத்தே பட்டுவாடா. பதினேழு பேரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். முனிரத்னம் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து எண்ணி வாங்கினார்கள். ஒரு மாதக் கூடையை விற்றால் வந்திருக்கக்கூடியதைவிட கன்னியம்மாவுக்குக் கூடுதலாகவே வந்தது. நிலப் பாக்கி தீர்ந்து, பத்திரச் செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். அவள் எண்ணி முடித்து, மறுபடி ஒரு தடவை எண்ணினாள்.

"அந்த ஆறு நாளு இதுல இல்லியே மேடம்?"

"இல்லை கன்னியம்மா. அது கெடைக்கல. என் தப்பு. நான் அன்னைக்கு ஒழுங்கா எழுதியிருந்தா கெடைச்சிருக்கும்." என் பர்ஸைத் திறந்தேன். "அதை நான் குடுத்துடறேன்."

"மூடுங்க மேடம் பர்ஸ" என்றாள். "உங்க காசு எனக்கு எதுக்கு? நீங்களா என்ன நிக்க வச்சி பழம் அறுக்கச் சொன்னீங்க?"

"இல்ல, மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"கஷ்டமா கீதா? அப்ப ஒண்ணு செய்யுங்க. வெள்ளிக்கெழம ரெஜிஸ்டர். சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆளு கொறையுது. அரை நாள் லீவு போட்டுட்டு வாங்க. உங்க ஆறு நாளும் என் கணக்குல சரியாப் பூடும்."

லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிவிட்டுப் போனேன்.

சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் நல்ல கூட்டம். ஆவணி முதல் வெள்ளி என்பதால் நிலம் வாங்குகிறவர்கள் எல்லாம் அன்றுதான் வந்திருந்தார்கள். நிலத்துக்காரர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். பாக்கிப் பணம் கைமாறியது. கன்னியம்மா ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். பத்திரம் எழுதுகிறவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும் மேடம்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஆறு நாள் கூலி பாக்கி வச்சவங்க. இன்னியோட தீந்துபோச்சு."

அவர் திருதிருவென்று விழிக்க, நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த சீசனில் அந்த ஃபேக்டரி ஓ.டி.யைப் பணமாகக் கொடுத்தது. பயந்தபடி யாரையும் விலக்கவில்லை. வேகமாகப் பழம் அறுக்கிற கை அந்த வட்டாரத்தில் அவ்வளவு மலிவாகக் கிடைக்கவும் இல்லை. பெண்கள் ஃபேக்டரியிலேயே விலை கொடுத்து மாம்பழக் கூடை வாங்கி ஊத்துக்கோட்டைக்கு அனுப்பினார்கள். ஹவில்தார் அதற்கும் சீட்டுப் போட்டார்.

கன்னியம்மாவைப் பொறுத்தவரை கணக்கு தீர்ந்துவிட்டது. நான் மட்டும் அந்த ஆறு நாளைத் தள்ளுபடி செய்யவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஃபேக்டரி, கடை, குவாரி பார்த்தேன். எங்கே போனாலும் முதலில் வாட்ச்சைப் பார்த்து நேரத்தை எழுதினேன். எதையாவது நிறுத்தச் சொல்லி எழுத வேண்டி வந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு, அங்கே வேலை செய்கிற ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு இதைக் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை.

"இது நின்னுபோனா உங்களுக்கு என்னம்மா போகும்?"